ஏழாவது ஷீட்

அந்தக் குழாய் உனக்கு இடிக்குதாம்மா? இரு, இப்படி என் பக்கம் சாய்ச்சு வெச்சுக்கறேன். வீட்டுக்குத் தண்ணி எடுக்கப் போடற பி.வி.சி. குழாய்தான். ரெண்டு பக்கமும் மூடி போட்டிருக்கு. உள்ள ஒம்பது படம் இருக்கு. சாமி படம் இல்ல, நிலப்படம். மடிச்சா மடிப்பு விழற எடத்துல கோடு போயிடும். சுருட்டி வெச்சாத்தான் நிக்கும். அதுக்குத்தான் குழாய்.

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான் பாரு. டிரைவர் எஞ்சினை நிறுத்திட்டார். ரெண்டு வண்டி போற வரைக்கும் தொறக்க மாட்டான், ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துக்கு எப்பவும் இப்படித்தான். நீ எங்க இறங்கணும்? மூங்கில்ஹள்ளியா? அக்கா வீடா. சரி, சரி. அது கடைசி ஸ்டாப்பு. நான் அதுக்கு முன்னாடி, ஏரிக்கோடி.

நீ இந்தப் பக்கம் புதுசுன்னா உனக்குத் தெரிஞ்சிருக்காது. இந்தக் கேட்டுல போற ரயில் இல்லாம இன்னொரு ரயில் இங்க ஓடிச்சு. தொட்டனூர்ல இருந்து மூங்கில்ஹள்ளிக்கு, பத்தொம்பது மைல். சின்ன வண்டி, குறுகலான தண்டவாளம். வெள்ளைக்காரன் போட்டான். யுத்தம் வந்ததும் இரும்பு வேணும்னு அவனே பிடுங்கிட்டுப் போயிட்டான். ஜனங்க மறந்துட்டாங்க. கேட்டா, இங்க ஏதும்மா ரயிலுன்னு என்னையே ஒரு மாதிரி பாப்பாங்க. ஆனா நிலப்படத்துல அது சர்க்கார் நிலமா அப்படியே இருக்கு. நிலப்படம் எதையும் மறக்காது.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் சர்வே ஆபீஸ்ல டிரேசர். பேரு திலகவதி. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். டிரேசர்னா பெரிய உத்தியோகம் ஒண்ணும் இல்ல. கிழியப் போற பழைய படத்து மேல மெல்லிசா ஒரு துணி விரிப்போம். அடியில தெரியற கோட்டை அப்படியே மைப் பேனாவால மேல இழுக்கணும். சொந்தமா ஒரு கோடு போடக் கூடாது. ஒரு புள்ளி கூட வெக்கக் கூடாது. அடியில இருக்கறது மேல வரணும், அவ்வளவுதான் வேலை. இதை ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி வேணும்.

ஒவ்வொரு கிராமத்துப் படத்தை இழுக்கும்போதும் நடுவுல ஒரு நீளத் துண்டு வந்து நிக்கும். அகலம் மாறாது. வயலையும் வரப்பையும் மதிக்காம, கத்திரிக்கோல் வெச்சு வெட்டின மாதிரி இந்த ஓரத்துல நுழைஞ்சு அந்த ஓரத்துல வெளிய போகும். ஊருக்கு ஊர் சர்வே நம்பர் வேற, துண்டு ஒண்ணுதான். எதிர் மேஜையைப் பாத்துக் கேப்பேன், "அமலி, இது உன் கிராமத்துக்குள்ள வருதா பாரு." "வருது, வருது, மேக்கால இருந்து வருது"ம்பா. இப்படியே வருஷக்கணக்கா அந்த ரயில்பாதைய நாங்க மேஜை மேலேயே நடந்தோம்.

அமலின்னா அமலோற்பவம். என்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவ. ஒரே நாள்ல ரிட்டயர் ஆனவ. ரெண்டு பேருக்கும் எதிரெதிர் மேஜை. கண்ணாடி மேஜை, அடியில டியூப் லைட்டு எரியும். வெயில் காலத்துல முகமெல்லாம் வெந்து போயிடும். அவ புருஷன் சின்ன வயசுலயே போயிட்டாரு, ஒரே பொண்ணு ஸ்டெல்லா. எனக்குக் கல்யாணம் ஆகல, அது வேற கதை. முப்பத்தஞ்சு வருஷம் ஒரே டிபன் டப்பா. அவ கொண்டு வந்ததை நான் தின்பேன், நான் கொண்டு போனதை அவ தின்பா.

ஒவ்வொரு படத்துக்கும் கீழ ரெண்டு கட்டம் இருக்கும். வரைந்தவர்னு ஒண்ணு, சரிபார்த்தவர்னு ஒண்ணு. ஒருத்தி வரைஞ்சதை இன்னொருத்தி பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். முதல் வருஷம் நான் அமலியோட படத்தை ஒவ்வொண்ணா பாத்தேன். மயிரிழை தப்பு இல்ல. ரெண்டாவது வருஷத்துல இருந்து பாக்கறதை விட்டுட்டேன். அவ நீட்டுவா, நான் போடுவேன். நான் நீட்டுவேன், அவ வாங்கி வெச்சுக்குவா, மறுநாள் போட்டுக் குடுப்பா. பேச்சே கிடையாது. மேலதிகாரி எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குப் பேருதான் நம்பிக்கை. இல்லையா பின்ன? நீயே சொல்லு.

ரிட்டயர் ஆன பிறகு வீட்டுல உக்காந்தா பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. அமலிகிட்ட சொன்னேன், "ஏய், மேஜை மேல நடந்தது போதும். அந்தப் பாதைய நிஜமா நடந்துடலாமா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை?" அவ சிரிச்சா. "முதல் பூசைக்குப் போயிட்டு வந்துடறேன், அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்"னா.

நடக்கறதுக்கு முன்னாடி படம் வேணுமில்ல? அதுதான் பெரும்பாடு. போன்ல பாத்தா ஏரியும் செங்கச் சூளையும் தெரியுது, பாதை தெரியல. கிராமப் படம் ஊருக்கு ஊர் தனியா இருக்கும், அதுல மைல்கல் எங்க, பாலம் எங்கன்னு இருக்காது. ஏரிக்கோடி மாதிரி ரெண்டு மூணு ஊர்ப் படம் எங்க கைக்கு வரதுக்கு முன்னாடியே கிழிஞ்சு போச்சு. சென்னைல பழைய படம் விக்கிறவர் ஒருத்தர்கிட்ட வெள்ளைக்காரன் காலத்துப் படம் ஒண்ணு வாங்கினேன். மைலுக்கு ஒரு அங்குலம். அதுல ரயில்பாதை நூல் மாதிரி ஒரு கோடு. அந்த அளவுல கோட்டோட தடிமனே அம்பது அடி ஆயிடும்மா! பாதை ஏரிக்குக் கிழக்கயா மேக்கயான்னு எப்படிச் சொல்லுவ? அதை வெச்சு நடக்க முடியாது, சுவத்துல மாட்டலாம். எனக்கு வேண்டியது ரயில்வேக்காரன் நிலம் எடுத்தப்ப போட்ட படம். மைலுக்குப் பதினாறு அங்குலம். ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு மதகும் அளவோட இருக்கும். தாலுகா தாலுகாவா ஏறி இறங்கினேன். பழைய பேப்பர் கடை கூட விடல.

கடைசில பாத்தா அது எங்க ரெக்கார்டு ரூம்லயே இருக்கு. அமலிதான் சொன்னா. மேல் தட்டுல செவப்புத் துணியில கட்டி ஒம்பது ஷீட் பாத்த ஞாபகம்னா. போட்டோ எடுக்க விட மாட்டாங்க, எழுதிக் குடுத்தா உக்காந்து வரைஞ்சுக்கலாம். எனக்கு இழுப்பு உண்டு, தூசு ஆகாது. "நீ வராத, செத்துப் போயிடுவ. நான் உக்காந்து இழுத்துக் கொண்டாரேன்"னா. பதினோரு நாள் உக்காந்தா. ஒம்பது ஷீட்டையும் கொண்டு வந்து என் கட்டில் மேல வெச்சா. என் பொறந்த நாளைக்குக் கூட யாரும் அப்படி ஒண்ணு குடுத்ததில்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. கீழ பாத்தா, பழக்கம் போகல, ரெண்டு கட்டம் போட்டிருக்கா. வரைந்தவர்ல அவ கையெழுத்து. நான் பேனாவ எடுத்து ஒம்பதுலயும் சரிபார்த்தவர்னு போட்டேன்.

பாக்கல. பாக்காமதான் போட்டேன்.

ஆயுத பூஜை கழிச்சு நடக்க ஆரம்பிச்சோம். ஆறு ஷீட்டு, பொங்கலுக்குள்ள முடிஞ்சது. அந்த மூணு மாசம் மாதிரி எனக்கு ஒரு காலம் இருந்ததில்லம்மா. முப்பது மீட்டர் டேப் ஒண்ணு வெச்சிருந்தோம். ஜீரோ முனைய அமலி கல்லு மேல வெச்சுப் பிடிச்சுக்குவா, நான் டேப்பை இழுத்துக்கிட்டு நடப்பேன். முனை தீந்ததும் ஒரு குச்சி நடுவேன். "வா"ம்பேன். வருவா. மறுபடி ஜீரோவப் பிடிப்பா. படத்துல மதகுன்னு இருந்தா அங்க மதகு இருக்கும். முள்ளை வெட்டிப் பாத்தா செங்கல் வளைவு அப்படியே நிக்கும். மைல்கல் எட்டு, ஒரு கறிக்கடை வாசல்ல கெடந்தது. மைல்கல் பதினொண்ணுக்கு யாரோ மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, மாலையும் போட்டிருந்தாங்க. அமலி அதுக்கும் ஒரு கும்பிடு போட்டா.

அப்புறம் ஏழாவது ஷீட்டு.

அந்த ஷீட்டுல பாதை ஏரிக்கோடி ஏரிக்கிட்ட வருது. படத்துப்படி ஏரிக்கு மேக்கால, கரையை ஒட்டிப் போகுது. ஆறாவது ஷீட்டு முடியற எடத்துல ஒரு மதகு இருக்கு, அது கெடைச்சுடுச்சு. அதுல இருந்து மேக்கால திரும்பினோம். ஒண்ணும் இல்ல. மேடு இல்ல, தண்டவாளத்துக்குப் போட்ட கப்பிக்கல் இல்ல, மைல்கல் பதினாலைக் காணவே காணோம். அடுத்த வாரம் மறுபடி. அதுக்கடுத்த வாரம் மறுபடி. ஜனவரில இருந்து மே வரைக்கும் அந்த மேக்குக் கரையில நான் பாக்காத புதர் இல்ல. கால் முழுக்க முள்ளு. அமலி ஒரு வாரம் தவறாம வந்தா. தவக்காலத்துல ஒரு பொழுது இருந்துக்கிட்டு வந்தா. ஈஸ்டர் அன்னைக்குக் கூட ராத்திரி பூசை முழிச்ச கண்ணோட வந்து ஜீரோவப் பிடிச்சா. "போதும் திலகா, இதை விட்டுட்டு எட்டாவது ஷீட்டுக்குப் போயிடலாம்"னு அப்பப்ப சொல்லுவா. எனக்கு ஆகாது. ஏழை விட்டுட்டு எட்டுக்கு எப்படிப் போறது?

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா வீடு. ஏரிக்கு அந்தப் பக்கம், கிழக்கால, ஏரிக்கோடி நகர்னு இருபத்தி மூணு வீடு. யாரோ ஒருத்தன் மனை பிரிச்சு வித்தது. யார்கிட்டயும் பட்டா கிடையாது, வெறும் பேப்பர்ல எழுதி வாங்கினது. அமலி ரிட்டயர் ஆன காசைப் போட்டு பொண்ணுக்கு அங்கதான் வீடு கட்டிக் குடுத்தா. நீலக் கலர் வீடு. கொல்லைல துவைக்கிற கல்லு ஒண்ணு இருக்கும், ரெண்டு செங்கல்லு மேல தூக்கி வெச்சது. வாராவாரம் அது மேல ஏறி நின்னுதான் நான் காலைக் கழுவுவேன். ஸ்டெல்லா சொம்புல ஊத்துவா. நல்ல பொண்ணு. மீன் கொழம்பு வெச்சா எனக்குன்னு தனியா முள்ளு எடுத்து வெப்பா.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கறியா?

ஜூன்ல ஒரு நாள் மழை. வெளிய போக முடியல. ஏழாவது ஷீட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடில ஒட்டி, வெளிச்சத்துல பாத்துக்கிட்டிருந்தேன். உனக்கு ஒண்ணு சொல்றேன். பாத்து இழுத்த கோட்டுல மை ஒரே சீரா ஓடியிருக்கும். அடியில கோடு இருக்கு, பேனா அது பின்னாடியே போகுது, அதுக்கு என்ன தயக்கம்? யோசிச்சு இழுத்தா பேனா நிக்கும். நிக்கிற எடத்துல மை ஊறும். கடுகு மாதிரி ஒரு பொட்டு விழும். மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது, டிரேசர் கண்ணுக்குத் தெரியும். ஏரிக்கு மேக்கால வளையற அந்தக் கோட்டுல கடுகு கடுகா பதினேழு பொட்டு.

அடியில இல்லாத கோட்டை அமலி போட்டிருக்கா. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு புள்ளி சொந்தமா வெக்காதவ!

மறுநாள் மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். செவப்புத் துணி, மேல் தட்டு. ஏழாவது ஷீட்டை விரிச்சேன். பாதை ஏரிக்குக் கிழக்கால போகுது. ஏரிக்கோடி நகருக்கு நட்ட நடுவுல. மதகுல இருந்து அளவு போட்டிருக்கான், மைல்கல் பதினாலு எங்கன்னு. போட்டுப் பாத்தா ஸ்டெல்லா வீட்டுக் கொல்லை.

அங்கயே உக்காந்து ரெண்டு நாள்ல அதை வரைஞ்சேன். இருமி இருமி நெஞ்சு புண்ணாயிடுச்சு. ஆனா என் கோட்டுல ஒரு பொட்டு கெடையாது.

அமலிகிட்ட கேட்டியான்னு கேப்ப. நான் ஏன் கேக்கணும்? அவ இல்ல சொல்லியிருக்கணும்! கேக்காம அடுத்த ஞாயித்துக்கிழமை வழக்கம் போலக் கிளம்பினேன். மேக்குக் கரைக்கே போனோம். அன்னைக்கு நான் பாதையப் பாக்கல, அவ மூஞ்சியத்தான் பாத்தேன். என்ன அக்கறையா குனிஞ்சு அந்த ஜீரோவக் கல்லு மேல வெக்கறா! வெயில்ல முகமெல்லாம் செவந்து போயி, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமா திலகா?"ங்கறா. எங்கயும் இல்லாத பாதைக்கு அஞ்சு மாசமா முனை பிடிச்சிருக்கா. வாராவாரம் பூசைக்குப் போயிட்டு வந்து பிடிச்சிருக்கா. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லியிருப்பா. என்கிட்ட சொல்லல.

மத்தியானம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனோம். கால் கழுவற சாக்குல குனிஞ்சு அந்தத் துவைக்கிற கல்லுக்கு அடியில கையை விட்டேன். செதுக்கின நம்பர் தட்டுப்பட்டுச்சு, விரலால தடவினேன். முதல்ல ஒண்ணு. பக்கத்துல நாலு. அஞ்சு மாசமா எங்கயெங்கயோ தேடின கல்லு மேல ஏறி நின்னு நான் வாராவாரம் காலைக் கழுவிக்கிட்டிருக்கேன். அவ பாத்துக்கிட்டு நிக்கிறா. நிமிந்தேன். அமலி வாசப்படில துண்டோட நின்னா. "கால் கழுவ இவ்வளவு நேரமா?"ன்னா. அன்னைக்கும் ஸ்டெல்லா முள்ளு எடுத்துத்தான் வெச்சா.

இப்ப நான் வரைஞ்ச படம் இருக்கு இல்ல? அதுல சரிபார்த்தவர் கட்டம் காலியா கெடந்தது. அப்படியே ஆபீஸ்ல குடுத்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்கு மனசு ஒப்பல. வேற யாரு கையெழுத்துப் போட்டாலும் எனக்கு அது கையெழுத்து ஆகாது. சுருட்டி எடுத்துக்கிட்டு நேரா அமலி வீட்டுக்குப் போனேன். அவ சாப்பாட்டு மேஜைல விரிச்சேன்.

அவ பாத்தா. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டா.

"எப்பத் தெரியும்?"னா.

"மழை பேஞ்ச அன்னைக்கு."

"அப்ப போன ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுக்கிட்டேதான் நடந்தியா?"

"நீ அஞ்சு மாசம் தெரிஞ்சுக்கிட்டேதான் நடந்த"ன்னேன். "ஏன் அமலி? ஏழாவது ஷீட்டைக் கறையான் அரிச்சுடுச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேனே."

"நம்பியிருப்ப. நம்பிட்டு, மிச்சம் மீதி கெடைக்குமான்னு நீயே தேடிக்கிட்டுப் போயிருப்ப."

"சரி, உள்ளதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். ஆனா அது வேற விஷயம். கேள்வி அது இல்லையே!

"இதை என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டா. மனு எழுதிக் குடுக்கப் போறேன், பாதைய அளந்து கல்லு நட்டு, மைல்கல்லை எல்லாம் பாதுகாக்கச் சொல்லின்னு சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயி பூதக்கண்ணாடியும் ஸ்கேலும் எடுத்தாந்தா. உக்காந்து பாக்க ஆரம்பிச்சா. மதகுல இருந்து ஒவ்வொரு அளவா, ஒவ்வொரு வளைவா. பதினோரு நாள் பாத்த படம், அவளுக்கு மனப்பாடம். எனக்குக் காப்பி கூடக் குடுக்கல. பொழுது சாயற வரைக்கும் பாத்தா.

"ஒரு தப்பும் இல்ல"ன்னா. பேனாவ எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டா.

எனக்கு வாய் சும்மா இருக்கல. "முதல் தடவையா பாத்துட்டுப் போடற போலிருக்கு"ன்னேன்.

"நான் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் போட்டேன் திலகா"ன்னா. "முப்பத்தஞ்சு வருஷமும். எதுக்கு மறுநாள் குடுப்பேன்னு நெனச்ச? வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தப்பாவது இருக்கும். ஒரு நம்பர் விட்டுப் போயிருக்கும், ஒரு கோடு சேராம நிக்கும். சுரண்டிட்டு சரி பண்ணி வெப்பேன். உன் கை மாதிரியே போட்டுடுவேன்."

பாத்தியா? அதையும் சொல்லல! முப்பத்தஞ்சு வருஷம் என் படத்துல கை வெச்சிருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. நான் என்னமோ என் வேலைல தப்பே இல்லைன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ரிட்டயர் ஆகி வந்திருக்கேன். மாலை போட்டாங்க, நானும் கழுத்தை நீட்டினேன். ஏழாவது ஷீட்டைக் கூட ஒரு நாளைக்கு மன்னிச்சுடுவேன்னு வெச்சுக்கோ. இதை எப்படி மன்னிக்கிறது? நீயே சொல்லு.

மனு குடுத்தேன். ஆபீஸ்ல நல்ல மரியாதை. இவ்வளவு துல்லியமா ஒரு படத்தை நாங்க பாத்ததே இல்லைம்மான்னு நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. அவங்களே ஜீப்புல வந்தாங்க. நான்தான் ஒவ்வொரு எடமா காட்டினேன். வீட்டை இடிக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை எழுதல. மனுவோட நகல் வீட்டுல இருக்கு, வேணும்னா காட்டறேன். அளக்கணும், கல்லு நடணும், அவ்வளவுதான். நோட்டீஸ் ஒட்டினது, புல்டோசர் வந்தது, அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்டெல்லா தெருவுல நின்னு கத்தறா, முப்பத்தஞ்சு வருஷம் அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தவளுக்கு அளந்தா என்ன ஆகும்னு தெரியாதான்னு. அளக்கறது வேற, இடிக்கறது வேற. அது வேற டிபார்ட்மென்ட்டு. அந்தப் பொண்ணுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது?

அதுவும் இல்லாம அமலியே கையெழுத்துப் போட்டிருக்கா. அவ வீடு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே போட்டா? அப்புறம் நான் குடுத்தது மட்டும் எப்படித் தப்பாகும்? சொல்லும்மா. என்ன, ஜன்னலையே பாக்கற?

வண்டி போயிடுச்சு. தொறக்கறான் பாரு. டிரைவர் வந்துட்டார்.

அவங்க ஓசூர்ப் பக்கம் போயிட்டாங்க. ஸ்டெல்லா புருஷனுக்கு அங்க ஏதோ கம்பெனில வேலை. அமலியும் கூடவே போயிட்டா. போறேன்னு ஒரு போன் கெடையாது. போற அன்னைக்கு யாரோ ஒரு ஆட்டோக்காரர் மூலமா டேப்பை மட்டும் குடுத்து அனுப்பியிருந்தா. அது அவ வீட்டுலதான் இருந்தது. பிரிச்சுப் பாத்தேன். சேறெல்லாம் கழுவித் துடைச்சு, சுத்தமா சுத்தி வெச்சிருந்தா. ஜீரோ முனையில வளையம் அறுந்து தொங்கிக்கிட்டிருக்கும், கையாலயே இறுக்கிப் பிடிச்சுக்குவா. அதுக்குப் புதுசா ஒரு பித்தளை வளையம் வெச்சுத் தெச்சிருந்தா. எதுக்கு அதைத் தெக்கணும்? இனிமே அவளா வந்து பிடிக்கப் போறா? எனக்குப் புரியல. இதோ, பைல இருக்கு, பாக்கறியா?

அதோ ஏரி தெரியுது பாரு. அந்தப் பக்கம், கரைக்குக் கிழக்கால, நீளமா வெறிச்சுன்னு கெடக்கு இல்ல? அதுதான் பாதை. இப்ப நல்லாத் தெரியுது. வளைவு கூட அப்படியே தெரியுது. ஓரத்துல கொஞ்சம் நீலச் சுண்ணாம்பு ஒட்டின செங்கல் கெடக்கும். பதினாலாம் கல்லை நிமித்தி நட்டிருக்காங்க. பஸ்ல இருந்தே பாக்கலாம், இதோ, தெரியுதா?

மதகுல இருந்து அந்தக் கல்லுக்கு ஒரு அளவு எடுக்கணும். அது ஒண்ணு எடுத்துட்டா ஏழாவது ஷீட்டு முடிஞ்சது. எட்டுக்குப் போயிடலாம். ஏழு ஞாயித்துக்கிழமையா இந்த பஸ்ல வரேன். இந்த ஸ்டாப்பு வரும்போது எந்திரிப்பேன். அப்புறம் உக்காந்துக்குவேன். மூங்கில்ஹள்ளி வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சுட்டு அதே பஸ்ல திரும்பிடுவேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும், கேட்டுப் பாரு. ஒருத்தியா இறங்கி என்ன பண்றது? டேப்பு ரெண்டு பேர் பிடிக்கிற சாமான்.

விசிலடிக்கிறான். ஏரிக்கோடி. ஏம்மா, அக்கா வீட்டுக்கு அவசரமா போகணுமா? அடுத்த பஸ்ஸு அரை மணியில வந்துடும், நான் ஏத்தி விடறேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல. இந்த வளையத்தை மட்டும் கல்லு மேல வெச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். நடக்கறது நான் நடந்துக்கறேன்.